டோனி பென் எரிசக்தி அமைச்சராக இருந்த நான்கு ஆண்டுகள்: மிஞ்சியது என்ன?

வாடைக்காற்று (இழையைத் தொடங்கியவர்)

டோனி பென் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது வாயில் பைப்போடு இராக் போருக்கு எதிராக மேடையேறிய தாத்தா. இன்னும் கொஞ்சம் தெரிந்தவர்கள், பிரபு பட்டத்தை வேண்டாம் என்று உதறியவர் என்பார்கள். 1975 ஜூன் முதல் 1979 மே வரை அவர் பிரிட்டனின் எரிசக்தி அமைச்சராக இருந்ததை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அவர் அரசியலுக்கு உண்மையான பரீட்சை அங்கேதான் நடந்தது என்பது என் வாதம்.

முன்கதை சுருக்கமாக. 1950-ல் பிரிஸ்டல் தென்கிழக்கில் வென்று 25 வயதில் எம்.பி. ஆனார். 1960-ல் அப்பா ஸ்டான்ஸ்கேட் பிரபு இறந்ததும் பட்டம் தானாக மகன் தலையில் வந்து விழுந்தது. பிரபுவாகிவிட்டால் மக்களவையில் உட்கார முடியாது. இடைத்தேர்தலில் மறுபடி நின்று பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். அப்படியும் தேர்தல் நீதிமன்றம், தோற்ற கன்சர்வேட்டிவ் வேட்பாளருக்கே தொகுதியைக் கொடுத்துவிட்டது. விடாமல் மல்லுக்கட்டினார். 1963 ஜூலை 31-ல் சட்டம் மாறியது, அன்று மாலையே பட்டத்தைத் துறந்த முதல் ஆள் இவர். அப்புறம் லேபர் கட்சிப் பிரதமர் வில்சன் ஆட்சியில் தபால் துறை, தொழில்நுட்பத் துறை, 1974-ல் தொழில்துறை.

1975 ஜூன் 5-ல் ஐரோப்பியப் பொதுச்சந்தையில் நீடிப்பதா என்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. பென் 'வேண்டாம்' அணியின் முகம். மூன்றில் இரண்டு பங்கு மக்கள் 'வேண்டும்' என்றார்கள். அடுத்த வாரமே வில்சன் அவரைத் தொழில்துறையிலிருந்து தூக்கி எரிசக்திக்கு அனுப்பினார். அங்கிருந்த எரிக் வார்லி இவர் நாற்காலிக்கு வந்தார். ஊருக்கே தெரிந்த பதவி இறக்கம்.

ஆனால் தண்டனையாகக் கொடுத்த துறையில்தான் ஜூன் 18-ல் எண்ணெய் வந்து இறங்கியது. கென்ட்டில் ஐல் ஆஃப் கிரெய்ன் சுத்திகரிப்பு ஆலை. ஆர்கில் வயலிலிருந்து பிரிட்டனின் முதல் வட கடல் கச்சா எண்ணெய். பென் வால்வைத் திருகித் திறந்தார், ஒரு பாட்டிலில் அந்தக் கறுப்புத் திரவத்தைப் பிடித்துப் புகைப்படக்காரர்களுக்குத் தூக்கிக் காட்டினார். எண்ணெயைக் கொண்டுவந்த கப்பலில் பறந்தது லைபீரியக் கொடி. வயலை நடத்தியது ஹாமில்டன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம். அவர் அடுத்த நான்கு ஆண்டுகள் போட்ட சண்டை முழுக்க அந்த ஒரு காட்சியிலேயே இருக்கிறது என்று தோன்றும் எனக்கு.

கேள்வி இதுதான்: அந்தச் சண்டையில் அவர் எதை ஜெயித்தார்?

தராசுமுள்

நல்ல இழை. ஆனால் ஆரம்பத்திலேயே ஆளைத் தோளில் தூக்கிவிட்டீர்கள் நண்பரே.

பிரிட்டிஷ் தேசிய எண்ணெய்க் கழகத்தைப் பெரிய சாதனையாகச் சொல்வார்கள். அதற்கான கொள்கை 1974-லேயே முடிவாகிவிட்டது, மசோதாவும் வார்லி காலத்தில் வந்தது. கழகம் 1976 ஜனவரி 1-ல் தொடங்கியபோது நாற்காலியில் இருந்தவர் பென், அவ்வளவுதான். "51 சதவீதப் பங்கு" என்று மேடையில் முழங்கினார்களே, கம்பெனிகளோடு போட்ட ஒப்பந்தத்தில் இருந்தது என்ன? உற்பத்தியாகும் எண்ணெயில் 51 சதவீதம் வரை சந்தை விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை. லாபம் கம்பெனிக்கே. காசு கொடுத்து வாங்குவதற்குப் பெயர் தேசியமயமா?

வாடைக்காற்று

//காசு கொடுத்து வாங்குவதற்குப் பெயர் தேசியமயமா?//

இல்லை, நானும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அந்த உரிமை வெறும் காகிதமும் இல்லை. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது பிரதமர் ஹீத், பிரிட்டனுக்கு முன்னுரிமை கொடுங்கள் என்று எண்ணெய்க் கம்பெனிகளான பி.பி.யிடமும் (பிரிட்டிஷ் பெட்ரோலியம்) ஷெல்லிடமும் கேட்டார். கைவிரித்துவிட்டார்கள். பி.பி.யில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு அரசிடம் இருந்தும் அந்தக் கதி! நெருக்கடியில் எண்ணெய் யாருக்குப் போகும் என்பதை அரசு தீர்மானிக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வந்ததுதான்.

இன்னொன்று, கழகம் வெறும் தரகர் இல்லை. நிலக்கரி வாரியத்தின் வட கடல் பங்குகள் அதன் கைக்கு வந்தன. திவாலாகும் நிலையில் இருந்த பர்மா ஆயிலிடமிருந்து நினியன், திசில் வயல்களின் பங்குகள் வந்தன. அமெரிக்கக் கம்பெனிகள் ஒப்பந்தத்துக்கு வராமல் முரண்டு பிடித்தபோது, அடுத்த சுற்று உரிமம் வேண்டுமென்றால் உட்கார்ந்து பேசுங்கள் என்று மடக்கியது பென்னும் கழகத் தலைவர் கியர்ட்டன் பிரபுவும்தான். சட்டம் வார்லியுடையதாக இருக்கலாம், பேரம் இவர்களுடையது.

கிரானைட்

அபர்தீனில் எண்ணெய்த் துறையில் பல வருடம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் ஒரு வார்த்தை.

தராசுமுள் சொல்வதில் பாதி சரி. ஆனால் 51 சதவீதத்தைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. கழகத்தின் ஆட்கள் வயல்களின் இயக்கக் குழுக் கூட்டங்களில் உட்கார்ந்தார்கள். எந்தக் கிணறு எவ்வளவு தருகிறது, செலவு எவ்வளவு, அடுத்த திட்டம் என்ன என்று எல்லாம் மேசையில் விரியும். அதுவரை அமைச்சகத்துக்குத் தெரிந்தது கம்பெனி எழுதிக் கொடுத்தது மட்டும். எண்ணெய்த் தொழிலில் தகவல்தான் பாதிச் சொத்து. பங்கே இல்லாமல் அந்த அறைக்குள் நுழைந்தது சாதாரண விஷயம் இல்லை.

தலைமையகத்தை கிளாஸ்கோவில் வைத்ததும் சும்மா இல்லை. 1974 அக்டோபர் தேர்தலில் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி, எண்ணெய் ஸ்காட்லாந்துக்கே என்று பிரசாரம் செய்து 11 இடம் பிடித்திருந்தது. அதே ஆண்டு கேவின் மெக்ரோன் என்ற அரசுப் பொருளாதார வல்லுநர், தனி ஸ்காட்லாந்து வந்தால் அதன் கஜானா நிரம்பி வழியும் என்று அறிக்கை எழுதினார். அதை ரகசியமாகப் பூட்டி வைத்தார்கள், 2005-ல்தான் வெளியே வந்தது. இந்த பயம் லேபர் அமைச்சரவை முழுக்க இருந்தது. வெளிப்படைத்தன்மை பற்றி வாய் ஓயாமல் பேசிய பென்னின் அரசாங்கமும் இதில் வாயைத் திறக்கவில்லை.

குறும்பு குமார்

அமைச்சராக இருந்துகொண்டே தினமும் டைரி எழுதினாராமே இவர். கூட இருந்த அமைச்சர்கள் எப்படித்தான் வாயைத் திறந்தார்களோ 😀

மின்னம்பலம் செல்வி

எண்ணெயிலேயே நிற்கிறீர்கள் எல்லோரும். அணுமின்சாரத்துக்கு வாருங்கள், அங்கேதான் மனிதர் சிக்கலாகிறார்.

1966 முதல் 1970 வரை தொழில்நுட்ப அமைச்சராக இருந்தபோது பென் அணுசக்தியின் தீவிர ஆதரவாளர். ஒன்பது ஆண்டுகள் கழித்து எரிசக்தித் துறையை விட்டுப் போகும்போது பாதி எதிர்ப்பாளர், பிறகு முழு எதிர்ப்பாளர். நடுவில் நடந்தது என்ன என்று பார்த்தால், ஒரே கதை திரும்பத் திரும்ப வருகிறது: துறைக்குப் பொறுப்பான மந்திரிக்குச் செய்தி கடைசியில்தான் வரும்.

1976 அக்டோபரில் வின்ட்ஸ்கேல் அணுசக்தி வளாகத்தில் ஒரு பழைய கழிவுத் தொட்டியிலிருந்து கதிரியக்க நீர் மண்ணில் கசிவதைக் கண்டுபிடித்தார்கள். அமைச்சருக்குத் தெரிந்தது டிசம்பரில். அதே வளாகத்தில் பெரிய மறுசுழற்சி ஆலை கட்ட அனுமதி கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது! பென் கொதித்துப் போனார். அந்த ஆலையைப் பற்றி 1977-ல் நீதிபதி பார்க்கர் தலைமையில் நூறு நாள் பொது விசாரணை நடந்ததற்கு இந்தக் கசிவும் ஒரு காரணம்.

அதே சமயத்தில் இன்னொன்று. சோவியத்தின் யூரல் பகுதியில் 1957-ல் அணுக்கழிவு வெடித்த சம்பவத்தை, நாடுகடந்து வாழ்ந்த விஞ்ஞானி ஜோரெஸ் மெத்வதேவ் 1976 நவம்பரில் பத்திரிகையில் எழுதினார். பிரிட்டிஷ் அணுசக்தி ஆணையத்தின் தலைவர் சர் ஜான் ஹில் அதைச் சுத்தக் குப்பை என்று ஒதுக்கினார். நடந்தது உண்மை. மேற்கத்திய உளவுத்துறைக்கு அது பற்றி முன்பே தெரிந்திருந்தது, பென்னிடம்தான் யாரும் சொல்லவில்லை. இதைப் பின்னாளில் மேடைக்கு மேடை சொன்னார்.

நமீபியா யுரேனியமும் சேர்த்துக்கொள்ளுங்கள். கனடாவிலிருந்து வரும் என்ற நம்பிக்கையில் இவர் தொழில்நுட்ப அமைச்சராக இருந்த காலத்தில் ஒப்புதல் பெற்ற ஒப்பந்தம், கடைசியில் தென்னாப்பிரிக்கா சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருந்த நமீபியாவின் ரோசிங் சுரங்கத்தில் போய் நின்றது.

தராசுமுள்

செல்வி அக்கா, எல்லாம் சரி. "என்னிடம் சொல்லவில்லை" என்பது ஒரு அமைச்சருக்கு எத்தனை தடவை செல்லும்? கேட்டு வாங்குவதுதானே வேலை?

மின்னம்பலம் செல்வி

//கேட்டு வாங்குவதுதானே வேலை?//

கேட்டார் தம்பி. கேட்டதால் வந்த வினைதான் வால்டர் மார்ஷல் விவகாரம்.

மார்ஷல் அணுசக்தி ஆணையத்தின் துணைத் தலைவர். அதே நேரத்தில் எரிசக்தித் துறையின் தலைமை விஞ்ஞானியும் அவரே. விற்பவரும் ஆலோசகரும் ஒரே ஆள்! அவருக்கு அமெரிக்க அழுத்த நீர் உலை வேண்டும். பென்னுக்குப் பிரிட்டனிலேயே உருவான வாயுக் குளிர்விப்பு உலை வேண்டும். 1977-ல் பென் அவரைத் தலைமை விஞ்ஞானி பதவியிலிருந்து நீக்கி, ஹெர்மன் பாண்டியைக் கொண்டுவந்தார். 1978 ஜனவரியில் முடிவு வந்தது: வார்லி தேர்ந்தெடுத்திருந்த கனநீர் உலை வடிவமைப்பு குப்பைக்கு, ஹெய்ஷாமிலும் டோர்னஸிலும் வாயுக் குளிர்விப்பு உலைகள், அழுத்த நீர் உலைக்குக் கதவு சாத்தப்படவில்லை.

அந்தக் கதவு வழியாகத்தான் மார்ஷல் திரும்பி வந்தார். 1982-ல் தாட்சர் அவரை மத்திய மின் உற்பத்தி வாரியத்துக்குத் தலைவராக்கினார். சைஸ்வெல் பி அவர் பிடிவாதத்தில் வந்த அழுத்த நீர் உலை. பென் அவரைத் துறையை விட்டு அனுப்பினார், தொழிலை விட்டு அனுப்ப முடியவில்லை.

மிஞ்சியது என்ன என்று கேட்டீர்களே வாடைக்காற்று, ஒன்று சொல்கிறேன். 1978-ல் பென் ஒப்புதல் கொடுத்த அந்த இரண்டு நிலையங்களும் 1988-ல் மின்சாரம் தரத் தொடங்கி, அவர் 2014-ல் இறந்த பிறகும் ஓடின. அணுசக்தி மலிவும் இல்லை, பாதுகாப்பும் இல்லை, அமைதிக்கானதும் இல்லை என்று ஊர் ஊராகப் பேசியவரின் மிக நீண்ட ஆயுள் கொண்ட முடிவு இரண்டு அணுமின் நிலையங்கள்.

பழம்பேப்பர்

இழைக்குக் கொஞ்சம் வெளியே. வெட்ஜ்வுட் பென் என்று ஒரு இந்தியா மந்திரி இருந்தாரே, இவருக்கு உறவா?

வாடைக்காற்று

அப்பா. 1929 முதல் 1931 வரை ராம்சே மெக்டொனால்ட் அரசில் இந்தியாவுக்கான அமைச்சர். 1930 ஏப்ரலில் ராஜாஜி வேதாரண்யத்தில் உப்பு அள்ளியபோது லண்டனில் அந்த நாற்காலியில் இருந்தவர் அவர்தான். அடுத்த ஆண்டு காந்தி வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் வந்தபோது ஆறு வயது டோனி அவரைப் பார்த்திருக்கிறார். அதைக் கடைசி வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சரி, இழைக்குத் திரும்புவோம்.

கரித்துண்டு

நிலக்கரியைத் தொடாமல் பென்னைப் பேசுவது கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பேசாமல் இருப்பது மாதிரி.

1984 மார்ச் 1-ல் செஸ்டர்ஃபீல்ட் இடைத்தேர்தலில் ஜெயித்து மறுபடி மக்களவைக்கு வந்தார். சுரங்கத் தொழிலாளர் ஊர். அதே மாதம் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது, கடைசி நாள் வரை சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஸ்கார்கில் பக்கம் நின்றார். நல்லது. ஆனால் 1977-ஐ யாரும் கிளறுவதில்லை. அந்த ஆண்டு நிலக்கரி வாரியமும் அரசும், அதிகம் வெட்டும் சுரங்கத்துக்கு அதிகக் கூலி என்ற ஊக்கத்தொகைத் திட்டத்தைக் கொண்டுவரப் பார்த்தன. எரிசக்தி அமைச்சர் பென்னும் அதற்கு ஆதரவு. தொழிலாளர்கள் நாடு தழுவிய வாக்கெடுப்பில் 'வேண்டாம்' என்றார்கள். அப்படியும் அப்போதைய சங்கத் தலைவர் கார்ம்லி, மாவட்டம் மாவட்டமாகத் தனி ஒப்பந்தம் போட வழி விட்டார், நீதிமன்றமும் தடுக்கவில்லை.

விளைவு? நல்ல நிலக்கரிப் படிவம் உள்ள நாட்டிங்ஹாம்ஷயர் ஆட்களுக்குக் கை நிறையக் கூலி, வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் குறைவு. ஏழு ஆண்டு கழித்து நாட்டிங்ஹாம்ஷயர் வேலைநிறுத்தத்துக்கு வரவில்லை. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, 1984-ல் நாடு தழுவிய வாக்கெடுப்பு நடத்தாதது முதல் காரணம். ஆனாலும் அந்த விரிசலின் முதல் கோடு விழுந்தது இவர் துறையில்.

வாடைக்காற்று

//விரிசலின் முதல் கோடு//

பழைய விரிசல் அது. 1926-லேயே நாட்டிங்ஹாம்ஷயர் பிரிந்து போய்த் தனிச் சங்கம் வைத்தது. ஆனால் ஊக்கத்தொகைத் திட்டம் அதை அகலமாக்கியது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பென்னுக்கு எதிராக இடதுசாரிகளிடம் இருக்கும் வலுவான புகார் இதுதான், என்ன காரணத்தாலோ அவர்களே இதை அதிகம் சொல்வதில்லை.

நிலக்கரியில் அவர் செய்த இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். 1977-ல் டிராக்ஸ் மின்நிலையத்தின் இரண்டாம் பாதிக்கு ஆர்டர் கொடுக்கச் சொல்லி மின் வாரியத்தை நெருக்கினார். வாரியத்துக்கு அப்போது அது தேவையே இல்லை, மின்சாரத் தேவை மந்தம். ஆனால் டைன் நதிக்கரையில் டர்பைன் செய்யும் பார்சன்ஸ் ஆலையில் வேலை இல்லை, ஆட்குறைப்பு வாசலில் நின்றது. முன்கூட்டியே வாங்குவதற்கு வாரியத்துக்கு அரசு ஈடு கொடுத்தது. ஒரு ஊரின் வேலையைக் காப்பாற்ற ஒரு மின்நிலையம்! பொருளாதார வல்லுநர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்த டிராக்ஸ் இன்று நிலக்கரியை விட்டுவிட்டு, கடல் தாண்டி வரும் மரத்துகள் குச்சிகளை எரித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு மானியம் கொடுக்கலாமா என்று லண்டனில் இன்னமும் அடித்துக்கொள்கிறார்கள்.

தென்பொதிகை

எல்லோரும் முக்கியமான கேள்வியைச் சுற்றி நடக்கிறீர்கள். நார்வே. 1972-ல் ஸ்டாட்ஆயில் என்ற அரசு எண்ணெய் நிறுவனம், 1990-ல் எண்ணெய் நிதிச் சட்டம், இன்று உலகின் மிகப் பெரிய அரசு முதலீட்டு நிதி. அதே கடல், அதே எண்ணெய். பிரிட்டனிடம் என்ன இருக்கிறது? பென் நிதி கேட்டாரா, இல்லையா?

வாடைக்காற்று

கேட்டார். 1978-ல் எண்ணெய் வருமானத்தை என்ன செய்வது என்று அமைச்சரவை விவாதித்தபோது, அதைத் தனியே ஒதுக்கி வைத்துத் தொழில்களைப் புதுப்பிக்கச் செலவிட வேண்டும் என்று வாதாடினார். நிதியமைச்சர் ஹீலி ஒப்பவில்லை. வரவு எல்லாம் பொதுக் கஜானாவுக்கே வரவேண்டும், செலவு எங்கே என்பதை நிதித்துறை பார்த்துக்கொள்ளும் என்றார். மார்ச்சில் வந்த வெள்ளை அறிக்கை ஹீலி வழியிலேயே போனது.

எண்ணெய்க்கு ஒரு அமைச்சர், எண்ணெய்க் காசுக்கு இன்னொரு அமைச்சர். என் கணக்கில் பென்னின் உண்மையான தோல்வி இங்கேதான், அணு உலையில் இல்லை.

தராசுமுள்

நார்வே ஒப்பீடு கேட்க நன்றாக இருக்கும். அப்போது நார்வேயில் 40 லட்சம் பேர், பிரிட்டனில் 5 கோடியே 60 லட்சம் பேர். தலைக்கு எவ்வளவு வரும் என்று வகுத்துப் பாருங்கள். 1976-ல் சர்வதேச நிதியத்திடம் 390 கோடி டாலர் கடன் கேட்டு நின்ற நாடு அது. கடனில் இருப்பவன் உண்டியலில் போட முடியுமா? பென் காலத்தில் எண்ணெய் வருமானம் சொற்பம். காசு கொட்டியது 1980-களில், 1984–85-ல் சுமார் 1,200 கோடி பவுண்ட். அப்போது இருந்தவர் தாட்சர். பென் 1978-ல் ஒரு நிதியை உருவாக்கியிருந்தாலும் 1980-ல் ஒற்றை வரியில் ஒரு சட்டம் போட்டு அதைக் கலைத்திருப்பார்கள்.

தென்பொதிகை

கலைத்திருக்கலாம். ஆனால் கலைப்பதற்கு ஒரு விவாதம், ஒரு வாக்கெடுப்பு, ஒரு தலைப்புச் செய்தி வேண்டும். இல்லாத நிதியைக் கலைக்க எதுவுமே வேண்டாம். காசு வேலையில்லாப் படிக்கும் வரிச்சலுகைக்கும் சத்தமில்லாமல் போனது. நார்வேயின் நிதிக்கே முதல் பணம் 1996-ல்தான் போனது, நினைவிருக்கட்டும். முதலில் சட்டம், அப்புறம்தான் பணம்.

கிரானைட்

1977-ஐ மறந்துவிட்டீர்கள். நிதியத்தின் கடனுக்குப் பிறகு அரசு கையிலிருந்த பங்குகளிலிருந்து பி.பி.யின் 17 சதவீதத்தை விற்றார்கள், 56 கோடி 40 லட்சம் பவுண்டுக்கு. அதாவது ஒரு கையால் தேசிய எண்ணெய்க் கழகம் கட்டிக்கொண்டே மறு கையால் பி.பி.யை விற்ற அரசாங்கம். பென் உள்ளே எதிர்த்தார். எதிர்த்துவிட்டு நாற்காலியிலேயே இருந்தார். அவரை எனக்குப் பிடிக்கும், ஆனால் இந்த ஒரு இடம் நெருடும். ராஜினாமா செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் எது?

வாடைக்காற்று

ராஜினாமா செய்திருந்தால் அடுத்த நாள் தலைப்புச் செய்தி, அடுத்த வாரம் மறதி. கம்பெனிகளோடு பேரம் பாதியில் இருந்த நேரம் அது. இவர் போனால் அந்த இடத்துக்கு வருபவர் கழகத்தைக் கவனிப்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. 1979-க்குப் பிறகு எல்லாவற்றுக்கும் எதிராகப் பேசிய பென்னைவிட, பிடிக்காத அமைச்சரவையில் பல்லைக் கடித்துக்கொண்டு கோப்பு பார்த்த பென் எனக்குப் பெரியவர். இதில் பலருக்கு உடன்பாடு இருக்காது, தெரியும்.

கரித்துண்டு

எனக்கு இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்த கோப்பில்தான் ஊக்கத்தொகைத் திட்டமும் இருந்தது.

மின்னம்பலம் செல்வி

1981-ல் லேபர் கட்சித் துணைத் தலைவர் தேர்தலில் அதே ஹீலியிடம் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார். அவர் ஜெயித்திருந்தால் என்ற கேள்விக்கு இங்கே யாராவது போனால் இழை நூறு பக்கம் போகும், வேண்டாம் 🙂

தராசுமுள்

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கழகத்தைப் பிரித்து விற்றபோதுதான் அதன் மதிப்பே தெரிந்தது. 1982-ல் தாட்சரின் எரிசக்தி அமைச்சர் நைஜல் லாசன் உற்பத்திப் பிரிவைப் பிரிட்டாயில் என்று தனியாக்கி 51 சதவீதத்தைச் சந்தைக்கு விட்டார். எண்ணெய் விலை சரிந்திருந்த நேரம், பங்குகளில் பெரும்பகுதியை வாங்க ஆளில்லை. 1985-ல் மிச்சமிருந்த வணிகப் பிரிவையும் மூடினார்கள். 1988-ல் பிரிட்டாயிலை விழுங்கியது யார்? பி.பி. அந்த பி.பி.யில் அரசு வைத்திருந்த கடைசிப் பங்கும் அதற்கு முந்தைய ஆண்டே விற்றுப் போயிருந்தது.

லாசனுக்குத் தனி இழை திறக்கிறேன். 1984-க்கு முன் மின்நிலையங்களில் நிலக்கரியைக் குவித்து வைத்த கதையும் அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. கரித்துண்டு, அங்கே வாருங்கள், மீதிச் சண்டையை அங்கே வைத்துக்கொள்வோம்.